திருகோணமலையிலிருந்து கந்தளாய்க் குளத்துக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்கு உறவினர் வந்தால் கோணேஸ்வரம், கன்னியா, நிலாவெளி, புறாமலை என்று கூட்டிக்கொண்டு போகிறோம். கந்தளாய்க் குளம் அந்த வரிசையில் வருவதே இல்லை. கொழும்புக்கும் கண்டிக்கும் போகிற வழியில் பஸ்ஸுக்குள் இருந்தபடி கந்தளாயைக் கடந்து போவதோடு சரி. ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றோடு, அவர்கள் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிற சிலவும் கீழே இருக்கின்றன.

குளம்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் அதன் அளவு. கட்டு ஏறத்தாழ 14,000 அடி நீளம், அதாவது நான்கு கிலோமீற்றருக்கும் மேல். உயரம் 50 அடி. நிறைந்து நிற்கும்போது சுமார் 13.5 கோடி கனமீற்றர் தண்ணீர் அந்த மண்மேட்டில் சாய்ந்து நிற்கிறது. கட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் மறுகரை மங்கலாகத் தெரிகிற நீர், மறுபக்கம் உங்கள் காலடிக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் வயல்களும் வீடுகளும். இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றால்தான், இடையில் இருக்கும் மண் என்ன வேலை செய்கிறது என்பது உறைக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. திருகோணமலை நகரத்தில் குழாயைத் திறந்தால் வருவது கந்தளாய்த் தண்ணீர். அங்கே சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் வருகிறது. தம்பலகாமத்து நெல்லும் இதே தண்ணீரில்தான் விளைகிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்ததால் நமக்குக் கடல் மட்டுமே கண்ணில் படுகிறது. குடிக்கிற தண்ணீரும் உண்கிற சோறும் வரும் திசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

எப்படிப் போவது?

திருகோணமலையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். கொழும்பு, கண்டி, குருநாகல் போகும் பஸ்கள் எல்லாம் தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை வழியாகக் கந்தளாயைத் தொட்டுத்தான் போகின்றன. ஒரு மணி நேரம் அளவில் போய்விடலாம். நகரத்தில் இறங்கி, குளக்கட்டு என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். திரும்பும் வாடகையையும் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ரயிலிலும் போகலாம். சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று பாதை போகிறது. ஆனால் ஓடும் ரயில்கள் குறைவு. நேரம் ஒத்துவந்தால் மட்டும் அதை நம்புங்கள். சொந்த வாகனம் இருந்தால் விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். வெயில் ஏறிய பிறகு குளக்கட்டின் மேல் நிழல் தேடி அலைய நேரிடும்.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளம் ததும்ப ததும்ப நிற்பதையும், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வான் பாய்வதையும் (மிகைநீர் அதற்கான வழியால் வழிந்து ஓடுவதையும்) பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்கள். வாடைக் காற்றோடு வரும் மழைதான் நம் மாவட்டத்துக்கு உரிய மழை. குடையும், வழுக்காத செருப்பும் அவசியம்.

மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் மே முதல் ஜூலை வரை. மாரிகால நெற்பயிரான பெரும்போகத்துக்கு மழையே பாதித் துணை. கோடைகாலச் சிறுபோகமோ முழுக்க முழுக்கக் குளத்தை நம்பியது. அப்போதுதான் இந்தக் குளம் எதற்காக இருக்கிறது என்பது விளங்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உலர்த்தி எடுக்கும் நாட்களில், சுற்றியுள்ள காடு காய்ந்து பழுத்துக் கிடக்கையில், வாய்க்கால் போகிற இடமெல்லாம் பச்சை மட்டும் ஒரு கோடாக நீளும். எனக்குப் பிடித்தது இந்தப் பருவம்தான், வெயில் கொடுமையானது என்றாலும்.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் நீர் வற்றிக் கரை வெளித்து நிற்கும். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் என்று பறவை பார்ப்பவர்களுக்கு அது நல்ல காலம்.

இதைக் கட்டியது குளக்கோட்டனா, சிங்கள மன்னனா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சண்டையாக முடிவதும் இதுதான். இரு மரபுகள் சொல்வதையும் தெளிவாக வைக்கிறேன்.

நம் மக்களிடம் வழங்கும் மரபு, கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூலில் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டு மன்னன், கோயிலின் நித்திய பூசைக்கும் திருவிழாவுக்கும் வேண்டிய நெல் தடையின்றி விளைவதற்காகக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, வயல் நிலங்களை மானியமாக விட்டு, கோயில் ஊழியமான தொழும்பு செய்வதற்குக் குடிகளையும் இருத்தினான் என்பது அந்த மரபு. திருகோணமலையில் உள்ள பிரடெரிக் கோட்டை வாசலில் பதிந்திருக்கும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் குளக்கோட்டனின் திருப்பணியைப் பற்றியது என்றே வாசிக்கப்பட்டு வருகிறது.

பாளி வரலாற்று நூல்களோ, கி.பி. 604 முதல் 614 வரை ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் இக்குளத்தைக் கட்டியதாகச் சொல்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு இதைத் திருத்தினான். அவனுக்கு முன் ஆண்ட இரண்டாம் கஜபாகு தன் கடைசிக் காலத்தைக் கந்தளாயில் கழித்தான். கோணேசர் கல்வெட்டு போற்றும் கயவாகு மன்னனும் இவனே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கல்வெட்டுகளுக்கு வந்தால் கதை இன்னும் செழிக்கிறது. சோழர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் கந்தளாய் ஒரு பிராமணக் குடியிருப்பாக, சதுர்வேதிமங்கலமாக இருந்தது. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது. அருகிலுள்ள பழமோட்டையில் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டு, அக்கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் செய்த கொடையைப் பதிவு செய்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்ல மன்னனின் கல்லாசனம் ஒன்றும் கந்தளாயில் இருந்து கிடைத்தது. அந்தச் சிங்களக் கல்வெட்டிலும் இந்தப் பிராமண ஊர் வருகிறது.

இத்தனை நூற்றாண்டுகளில் இக்கட்டு பலமுறை உடைந்தும் உயர்த்தியும் பழுதுபார்த்தும் வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் திருத்தினார்கள். அதற்குப் பின்னும் வேலை நின்றபாடில்லை. ஆகவே, கட்டியவர் யார் என்று ஒற்றைப் பெயரைக் கேட்பதைவிட, எந்த எந்தக் காலத்தில் யார் யார் காத்தார்கள் என்று கேட்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டு மரபையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது வரலாற்றுக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல.

மதகு எப்படி வேலை செய்கிறது?

இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே மாறும். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குளத்தில் தண்ணீரைத் தேக்குவது கடினமான வேலை அல்ல. மண்ணைக் குவித்தால் நிற்கும். தேங்கிய தண்ணீரைக் கட்டு உடையாமல் வெளியே எடுப்பதுதான் கடினம். பத்து மீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் கதவைப் பொருத்தினால், அதன் மேல் பத்துத் தொன் அளவு நீரழுத்தம் விழும். அந்த அழுத்தத்தோடு கதவை மனிதக் கையால் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு பாய்ந்து வரும் நீர், தான் போகும் சுரங்கத்தின் இரு பக்க மண்ணையும் அரித்துக்கொண்டு போகாமல் இருக்கவேண்டும். அரிக்கத் தொடங்கினால் கட்டு உள்ளிருந்தே உளுத்துவிடும்.

இதற்குப் பண்டைய இலங்கையில் கண்ட தீர்வு, சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் மதகுக் கிணறு. கட்டின் நீர்ப்பக்கச் சரிவில், பெரிய கற்பலகைகளால் நான்கு சுவரும் எழுப்பி, செங்குத்தாக ஒரு சதுரக் கிணறு அமைப்பார்கள். குளத்தின் அடியிலிருந்து கல் மூடிய சுரங்க வழியாகத் தண்ணீர் முதலில் இந்தக் கிணற்றுக்குள் வரும். வந்த வேகம் அங்கே அடங்கும். கதவும் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருக்கும். அதைத் தேவையான அளவு உயர்த்தினால், வேகம் தணிந்த நீர் கட்டுக்கு அடியில் போகும் மற்றொரு சுரங்கத்தின் வழியே வெளிவந்து வாய்க்காலில் விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், இக்கால நீர்த்தேக்கங்களில் உள்ள வால்வுக் கிணறுகளுக்கு இதுவே முன்னோடி என்று எழுதி வைத்தார்.

தமிழ்நாட்டு ஏரிகளில் உள்ள குமிழித்தூம்பு வேறு வகை. ஏரிக்குள் இரண்டு கற்தூண்கள் நிற்கும். அவற்றுக்கிடையே தொங்கும் அடைப்பைத் தூக்கினால், அடியிலுள்ள துளை வழியே நீர் இறங்கிச் சுரங்கத்தில் ஓடும். கேள்வி ஒன்றுதான்: ஆழத்து நீரின் மூர்க்கத்தை எங்கே வைத்துத் தணிப்பது? கடலின் இரு கரையிலும் அவரவர் மண்ணுக்கும் குளத்தின் அளவுக்கும் ஏற்றபடி விடை கண்டிருக்கிறார்கள்.

கந்தளாயில் இன்று இயங்குபவை இரும்புக் கதவுகளும் கொங்கிரீட் சுவர்களும்தான். பழைய மதகுக் கிணற்றை அதே வடிவில் எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் வேலை செய்யும் விதி மாறவில்லை. கதவு இருக்கும் இடம், நீர் வெளியே வந்து விழும் இடம், அங்கே அதன் நுரையும் இரைச்சலும், கொஞ்சத் தூரம் தள்ளி வாய்க்காலில் அதே நீர் சலனமின்றி நகர்வது, இவற்றை வரிசையாக நடந்து பாருங்கள்.

பழமையானதைக் கண்ணால் காண விரும்புவோருக்கு மாதுறு ஓயா என்ற ஆறு இருக்கிறது. மகாவலி ஆற்று நீரைப் பங்கிடும் மகாவலித் திட்டத்தில் அங்கே அணை கட்டப் போன இடத்தில், பண்டைக் கட்டும் கல்லால் ஆன பெரிய மதகும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அளவைக் கருவிகளோடு வந்த பொறியியலாளர்கள் தேர்ந்த இடத்தையே முன்னோரும் தேர்ந்திருந்தார்கள். ஆனால் அது தனிப் பயணம். கந்தளாயோடு ஒரே நாளில் சேர்க்க முடியாது.

வெளிநாடுகளில் படகை ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு அடைப்புகள் உண்டே, அப்படி இங்கே இருக்கிறதா?

இல்லை. அவை உயரம் மாறும் கால்வாயில் படகு போவதற்காக, இரு கதவுக்கு நடுவே நீரை நிரப்பியும் வடித்தும் படகை உயர்த்துபவை. கந்தளாய்க் கதவுகள் வயலுக்கு நீர் அளந்து விடுவதற்கானவை.

இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது?

பேராறு என்ற ஆற்றின் நீர், சுற்றுக் காட்டில் பெய்யும் மழை, இவற்றோடு தொலைவிலிருந்து வரும் நீர். மத்திய மலைநாட்டில் பிறக்கும் அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, கால்வாய் வழியே மின்னேரியாவுக்குக் கொண்டு வந்தார்கள். எலஹெரக் கால்வாயின் தொடக்கம் கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் ஆண்ட வசப மன்னனுடையது. மின்னேரியாக் குளம் மகாசேனனுடையது. அங்கிருந்து யோத எல எனப்படும் பெருங்கால்வாய் கந்தளாய் வரை நீள்கிறது. நூற்றாண்டுக்கு ஒருவராக வெட்டி நீட்டிய வழி அது.

1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியாக அதன் ஒரு பகுதி நீரை அம்பன் கங்கைப் பக்கம் திருப்பினார்கள். ஆகவே கண்டி மலையில் பெய்த மழையின் ஒரு பங்கு, குளம் குளமாக இறங்கி, கந்தளாய் வழியாக நம் வீட்டுக் குடத்துக்கு வருகிறது. அதே மகாவலி தன் சொந்த வழியில் போய், மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஒரே ஆறு நம் மாவட்டத்துக்குள் இரண்டு வாசலால் நுழைகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

1986இல் குளம் உடைந்தது என்கிறார்களே, என்ன நடந்தது?

1986 ஏப்ரல் 20, அதிகாலை மூன்று மணியளவில் கட்டு உடைந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கீழே ஊர்கள் உறங்கிக்கொண்டிருந்தன. நீர் சுவராக எழுந்து வந்தது. இறந்தோர் தொகை 120 முதல் 180 வரை என்று பதிவாகியிருக்கிறது. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சுமார் 2,000 ஏக்கர் நெல்வயல் நாசமானது. 8,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதால் ஏற்பட்ட பளு முக்கிய காரணங்களில் ஒன்று எனச் சொல்லப்படுகிறது. பின்னர் கட்டைத் திருத்தி எழுப்பினார்கள்.

கட்டில் நிற்கும்போது இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்கட்டு வெளியே அசையாமல் தெரிந்தாலும் உள்ளே எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறும் நீர் தெளிவாக வரும்வரை பயமில்லை; மண் கரைந்து கலங்கலாக வரத் தொடங்கினால் ஆபத்து. அதனால்தான் கட்டில் மரம் வேரூன்ற விடக்கூடாது, எலி வளையை அடைக்க வேண்டும், கீழ்ச்சரிவில் புதிதாக நனைந்த இடம் தென்பட்டால் உடனே அறிவிக்க வேண்டும். காவல் பார்ப்பவரின் வேலையைச் சிறிய வேலை என்று எண்ணாதீர்கள். அங்கே உள்ள முதியவர்களிடம் அந்த இரவைப் பற்றி ஆர்வக்கோளாறில் துருவிக் கேட்கவும் வேண்டாம். தாமாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

குளத்தில் குளிக்கலாமா?

ஊரார் குளிக்கும் துறையில், ஊரார் குளிக்கும்போது மட்டும். முதலை உண்டு. மதகுக்கும் வானுக்கும் அருகே கால் நனைக்கவும் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுக்கும். சவர்க்காரம், ஷாம்பு எதையும் கொண்டு போகாதீர்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கந்தளாய் நகரத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் கடைகள் மூன்றும் உண்டு. மத்தியானச் சோற்றுக்குக் குறைவில்லை. குளத்து மீன் குழம்பு கிடைத்தால் விட வேண்டாம். கடல்மீன் தின்று பழகிய நமக்கு முதல் கவளத்தில் மண்வாசனை போலத் தோன்றும். புளியும் மிளகும் தூக்கலாக இட்டுச் சமைத்தால் அது தெரியாது. மேலே சட்டித் தயிரும் இனிப்புப் பாணியும் இருந்தால் போதும். வீட்டிலிருந்து புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போகிறவர்கள் வாழையிலையில் கட்டுங்கள். பொலித்தீனைக் கட்டில் விட்டு வராதீர்கள். காற்று அதை நேரே தண்ணீருக்குள் கொண்டுபோகும்.

குடிநீர் கையோடு இருக்கட்டும். கட்டின் மேல் கடை தேடி நடப்பது வெயிலில் சிரமம்.

சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மேட்டில் சமதளமாக நடக்கலாம். நான்கு கிலோமீற்றரையும் நடக்க வேண்டியதில்லை. சரிவில் பாவியிருக்கும் கற்கள் பாசி பிடித்து வழுக்கும், பிள்ளைகளை அங்கே இறங்க விடாதீர்கள். முழங்கால் நோவு உள்ளவர்களை ஆட்டோவிலேயே மதகுக்கு அருகில் கொண்டுபோய் இறக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கதவு, கிணறு, சுரங்கம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டிவிட்டு அழைத்துப் போனால், அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரியவர்களின் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

திரும்பும் வழியில் வேறு எதைச் சேர்க்கலாம்?

தம்பலகாமம். இதை விருப்பத் தேர்வாக நினைக்க வேண்டாம். பயணத்தின் மறுபாதி அதுதான். கந்தளாயில் திறந்துவிட்ட நீர் போய்ச் சேரும் வயல்வெளி அங்கே விரிகிறது. நடுவே ஆதி கோணேஸ்வரர் கோயில். 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்தபோது காப்பாற்றிக் கொண்டுபோன திருவுருவங்களோடு தொடர்புடையது இக்கோயில் என்பது மரபு. மாலைப் பூசைக்கு நடை திறந்த பின் போனால் தரிசனமும் ஆகும், வயலில் வெயில் சாய்வதையும் பார்க்கலாம்.

கன்னியா, வெல்கம் விகாரை இரண்டையும் அன்றே சேர்க்க வேண்டாம். அவை வேறு திசை. வெல்கம் விகாரைக்கு மற்றொரு நாள் போங்கள். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளோடு நின்ற பௌத்தப் பள்ளி அது. அதன் பக்கத்தில் உள்ள பெரியகுளமும் பழைய குளமே.

யானைப் பயம் உண்டா?

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பாதையில் உண்டு, குறிப்பாக இருட்டிய பின். திருகோணமலைப் பக்கம் திரும்புபவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் பொழுது படுமுன் புறப்பட்டுவிடுங்கள். வீதியோரத்தில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். தீனி கொடுக்க வேண்டாம், படம் எடுக்க இறங்கவும் வேண்டாம்.

மதகுக் கதவைத் திறப்பதை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், நாள் தெரிந்து போனால். ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகளும் நீர்ப்பாசனத் திணைக்கள அதிகாரிகளும் கூடி ஆரம்பக் கூட்டம் நடத்துவார்கள். எத்தனையாம் தேதி முதல் நீர் விடுவது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அங்கே தீர்மானமாகும். தம்பலகாமத்தில் வயல் செய்யும் யாரைக் கேட்டாலும் தேதியைச் சொல்வார்கள். அன்று காலையிலேயே போய், கதவடியில் நிற்கும் உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்டு, வேலிக்கு வெளியே நில்லுங்கள். படம் எடுப்பதற்கும் அவரிடமே கேட்டுவிடுங்கள். ட்ரோன் பறக்க விடுவதற்குத் தனியே அனுமதி வேண்டும்.